ஒற்றைக் கைக்கான பட்டன்கள்

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இடது கை வேலை செய்யவில்லை. வலது கையும் பேச்சும் தப்பித்துக்கொண்டன. காலை ஏழரைக்கு வேலைக்குப் போகும் அண்ணி, மாலை ஆறரைக்குத்தான் சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்து வீட்டுக்குத் திரும்புவார். அதுவரை அண்ணன் டிவிகூடப் போடாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவரு தனியா இருக்கறப்ப ஏதாச்சும் செய்யணும்," என்றார் அண்ணி.

சின்ன வயதில் நாங்கள் விளையாடிய, பள்ளங்களைத் தாண்டி ஓடும் கேமை எமுலேட்டரில் ஏற்றினேன். பழைய கேம்களைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள் அது. எந்தப் பட்டன் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் அதில் மாற்றலாம். கன்ட்ரோலரில் இடது பக்கத்திலிருந்த திசைகளை வலது பக்கக் குச்சிக்குக் கொண்டுவந்தேன். குதிப்பதை அதற்கு மேலிருந்த பட்டனில் வைத்தேன். என் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சோதித்தேன். நான்காவது முறை முதல் கட்டத்தை முடித்தேன்.

அண்ணன் முதல் பள்ளத்தில் விழுந்தார். பதினொரு முறை விழுந்தார்.

"பழகிடும்ணே."

"ம்."

கடைசியாக எப்போது ஆடினார்கள் என்பதை எமுலேட்டர் காட்டும். அடுத்த ஞாயிறு பார்த்தேன். போன ஞாயிறு, மாலை 5.12. நான் இருந்த நேரம். குதிக்கும் பட்டனை மாற்றினேன். அடுத்த வாரமும் அப்படியே. மறுபடி மாற்றினேன்.

நான்காவது ஞாயிறு அண்ணன் கன்ட்ரோலரைத் தள்ளி வைத்தார்.

"நான் எப்படா குதிச்சேன்?"

எனக்குப் புரியவில்லை.

"குதிக்கறது நீ. நடத்துறது மட்டும்தான் லா நான்."

சின்ன வயதில் அப்பா சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்த கேம் மெஷினுக்கு ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருந்தது. தோ பாயோ வீட்டுத் தரையில் ஒட்டி உட்கார்ந்து அதை ஆளுக்குப் பாதியாகப் பிடித்தோம். அண்ணன் இடது பாதி, நான் வலது பாதி. அவருடைய வலது கை தரையில் ஊன்றியிருக்கும், இல்லாவிட்டால் முறுக்கு டப்பாவில் இருக்கும். அவருக்கு இப்போது மிஞ்சியிருப்பது அந்தக் கை. நானோ, ஆண்டுக்கணக்கில் குதித்த என் வலது கையை வைத்துச் சோதித்திருந்தேன். பத்திரிகையில் பிழை பார்ப்பதுதான் என் வேலை.

பட்டன்களைப் பழையபடி மாற்றிவிட்டு அண்ணனின் இடது பக்கம் உட்கார்ந்தேன். இந்த முறை நான் நடத்தினேன். அவர் குதித்தார்.

"இப்ப குதிங்க."

"சொல்லாத. நீ ஏன் நின்ன?"

"நிக்கலண்ணே, நீங்க லேட்."

இரண்டு முறை பள்ளத்தைத் தாண்டினோம்.

அடுத்த ஞாயிறு எமுலேட்டரைத் திறந்தேன். புதன், காலை 10.40 என்று இருந்தது. தேதியை இன்னொரு முறை பார்த்தேன்.

"தனியா ஆடினீங்களா?"

அண்ணி சமையலறையிலிருந்து சொன்னார்.

"புதன்கிழமை நான் லீவு போட்டேன். புடிச்சு உக்கார வச்சுட்டாரு. நடத்தத் தெரியலன்னு ஒரே ஏச்சு. நானும் ஏசிட்டேன்."

பிறகு, "இந்த வருஷத்துக்கு இன்னும் நாலு நாள்தான் லீவு இருக்கு," என்றார்.

ஒற்றைக் கைக்கான அமைப்பை நான் அழிக்கவில்லை. எமுலேட்டரின் பட்டியலில் இரண்டாவதாக இருக்கிறது. அண்ணன் வலது பாதியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் இடது பாதியைப் பிடித்தேன். மறுநாள் திங்கள், அண்ணி ஏழரைக்குக் கிளம்பிவிடுவார்.