உப்பு விழாத படம்

பாஸ்கலின் ஸ்டுடியோவுக்குப் பாதி வருமானம் சாவு வீடுகளிலிருந்துதான். எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில், பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். கப்பலில் போனவர்கள் திரும்பி வந்து பார்க்க வேண்டுமே. பிறகு பாஸ்கல் நெகட்டிவைக் கண்ணாடி மேசையில் வைத்து, பென்சிலாலும் பிளேடு முனையாலும் தொட்டுத் தொட்டு, செத்த முகத்தைத் தூங்குகிற முகமாக்கிவிடுவான். பக்கத்தில் அச்சுக்கடை வைத்திருந்த நான், உயிரோடு இருக்கிறவர்களையும் கொஞ்சம் கவனி என்று கேலி செய்வேன்.

எழுபத்து நாலில் அவனுக்கு ஆற்றுப் பைத்தியம் பிடித்தது. காரணம் தங்கை இசபெல்லா. தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயலில் அவளை ரோச்சுக்குக் கட்டிக் கொடுத்திருந்தான். மழை பொய்த்த வருஷங்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி வருகிற தண்ணீர் குறையக் குறைய, கடல் ஆற்றுக்குள் ஏறி ஊர்க் கிணறுகளை உப்பாக்கியது. நல்ல தண்ணீர் மேலேயிருந்து வள்ளத்தில் வர வேண்டும். இந்த லட்சணத்தில், தூத்துக்குடியில் வரப்போகிற ஆலைகளுக்கு அணைக்கட்டிலிருந்து இன்னும் தண்ணீர் எடுக்க ஒரு திட்டம். ஆட்சேபம் உள்ளவர்கள் விசாரணையில் சொல்லலாம் என்றார்கள்.

பாஸ்கலுக்குப் பேச வராது. படமாகவே காட்டுகிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு பாபநாசத்திலிருந்து ஆற்றோடு இறங்கினான். மரம் வெட்டி மொட்டையான மலைச்சரிவு, அணைக்கட்டுக்கு மேலே தேங்கிய நீர், கீழே ஆடு மேய்கிற மணல் எல்லாம் எடுத்தான். பாக்கி முகத்துவாரம் மட்டும்தான். அங்கே செத்த மீன் கரையெல்லாம் ஒதுங்கிக் கிடந்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படமெடுக்க வருகிறேன் என்று தங்கைக்குச் சொல்லியனுப்பினான். பாவி, சொல்லாமல் போயிருக்கலாம்.

படமெடுக்க ஆள் வருகிறான் என்றால் எங்கள் சனம் என்ன செய்யும்? இசபெல்லா ஊர்ப் பெண்களைக் கூட்டிச் செத்த மீனையெல்லாம் அள்ளிப் புதைத்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பிள்ளைகளுக்கு முகம் கழுவினாள். எல்லோரும் கல்யாணச் சேலையில், விளக்கிய குடங்களோடு, கடல் ஏறி ஆறு ததும்பி அழகாக இருக்கிற நேரம் பார்த்துக் கரையில் வரிசையாக நின்றார்கள். நானும் கூடப் போயிருந்தேன். தங்கை முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்ல பாஸ்கலுக்கு மனசு வரவில்லை. எடுத்துவிட்டான். முகத்துவாரத்துக்கு அந்த ஒரு படம்தான் இருந்தது என்று அதையும் மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்தான்.

விசாரணையில் அதிகாரி மற்ற படங்களையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இதையே பார்த்தார். ஆறு நிறையத் தண்ணீர் கிடக்கிறதே, ஜனங்களும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்றார். அது கடல் தண்ணீர், உப்பு என்று பாஸ்கல் திக்கித் திணறிச் சொன்னான். உப்பு படத்தில் தெரியவில்லையே என்று அவர் சிரித்தார். எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது. திட்டம் நிறைவேறியது.

அடுத்த கோடையில் ஊரில் வயிற்றுப்போக்கு பரவியது. வள்ளம் வராத நாட்களில் கண்ட தண்ணீரையும் குடித்தவர்களில் இசபெல்லாவும் ஒருத்தி. அவளை அடக்கம் செய்கிற அன்று வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருந்தது. அதைப் பிள்ளைகளுக்கென்று வைத்துவிட்டு, அவளைக் கிணற்று நீரில் குளிப்பாட்டினார்கள். காய்ந்ததும் நெற்றியிலும் முடியோரத்திலும் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒரு பெண் துணியோடு குனிந்தாள்.

"தொடைக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றான் பாஸ்கல். கிட்டப் போய் முகத்தை மட்டும் ஒரு படம் எடுத்தான். ஜன்னலைத் திறந்து வெளிச்சம் சரிபார்த்துத்தான் எடுத்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்டுடியோவில் ஈரம் காயாத படத்தை என்னிடம் நீட்டினான். "பாருலே இன்பமணி, உப்பு விழுந்திருக்கு." அதை மெட்ராசுக்குக் கொண்டுபோய்ப் பெரிய அதிகாரி மேசையில் வைக்கப் போவதாகச் சொன்னான். செய்யட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

மறுவாரம் ரோச் வந்தான். படத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டான். "மச்சான், புள்ளைக அம்மாவ இந்தக் கோலத்துலயா பாக்கணும்? அந்த வெள்ளைய எடுத்துருங்க" என்றான்.

அவனுக்கு ஒரு நகலைத் திருத்திக் கொடுத்துவிட்டு, இதை இப்படியே வைத்துக்கொள் என்று நான் பாஸ்கலிடம் மன்றாடினேன்.

"வேத்தாள் முன்னால அவ இந்த முகத்தோட நிப்பாளா? அன்னைக்கு ஆத்தங்கரையிலயே நிக்கலியே" என்றான் பாஸ்கல்.

படத்தைக் கிழித்தான். கண்ணாடி மேசையில் நெகட்டிவை வைத்து, பிளேடு முனையால் அந்த உப்பை ஒவ்வொரு பொட்டாகச் சுரண்டி எடுத்தான். அதற்குப் பிறகு அவன் ஆற்றுப் பக்கம் கேமராவைக் கொண்டுபோகவில்லை.

ரோச் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இப்போதும் இருக்கிறது. அதில் இசபெல்லா நல்ல தண்ணீரில் குளித்தவள் போல இருக்கிறாள்.