பெண்டு எடுக்கச் சொல்லி யார் கேட்டது?

போன வாரம் ஆயுத பூஜையன்று ஒரு மனிதரைப் பார்த்து நடுத்தெருவில் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். மைசூரே தசராவுக்கு விளக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். நாள் ஐந்தாகிவிட்டது, கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால் இந்த வாரப் பத்தி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒரு மோட்டார் சைக்கிள்.

ஜப்பான் க்ரூஸர். இரட்டை சிலிண்டர், நடுத்தர சைஸ். பெங்களூர்க்காரர் ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனது. அதை நானும் என் மகள் ஷெரினும் எட்டு மாதமாக வீட்டு போர்ட்டிகோவில் வைத்துச் சாப்பராக மாற்றிக்கொண்டிருந்தோம். சாப்பர் பார்த்திருப்பீர்கள்தானே? முன்சக்கரம் எங்கேயோ முன்னால் நீட்டிக்கொண்டு, பின்பக்கம் தரையோடு பதிந்து, சாய்வு நாற்காலியில் படுத்த மாதிரி இருக்குமே, அது.

சக்கரம் அப்படி நீள வேண்டுமென்றால் சேசிஸின், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தின், கழுத்தில் கை வைக்க வேண்டும். ஹேண்டில் பாரும் முன் ஃபோர்க்கும் போய் உட்காருகிற குழாய்க்கு ‘நெக்’ என்று பெயர். அதை அறுத்து, பத்து டிகிரி வெளியே சாய்த்து, மறுபடி வெல்டு வைக்க வேண்டும். அந்தப் பத்து டிகிரிதான் சாப்பர். அது இல்லாவிட்டால், மட்கார்டு கழற்றிய பழைய வண்டி — அவ்வளவே.

உடனே எனக்குக் கடிதம் எழுத உட்காராதீர்கள். சேசிஸை வெட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று எனக்கும் தெரியும். சாமராஜநகர் பக்கம் நண்பர் ஒருவருக்குத் தோட்டம் இருக்கிறது. உள்ளே ஒரு கிலோமீட்டர் மண்பாதை. டெம்போவில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே ஓட்டத்தான் இவ்வளவு பாடும்.

டிகிரியைக் கணக்குப் போட்டது நானல்ல, ஷெரின். பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள். அட்டையை வெட்டி வெட்டி, சேசிஸில் வைத்து வைத்துப் பார்த்து, ஏழு அட்டையைத் தூக்கிப்போட்டு, எட்டாவதை வைத்துக்கொண்டாள். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவளுக்கு ஒரு ஸ்பானர், எனக்கு ஒரு ஸ்பானர். அதற்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு வருடம் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இந்த வண்டிதான் எங்களை மறுபடி பேச வைத்தது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி. வெல்டு முடிந்தது. வெறும் சேசிஸை மட்டும் நிறம் ஏற்ற பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். கடைக்காரர் பெயர் மாதேசன். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர், நல்ல மனிதர், வேலை சுத்தம். “மேட் கறுப்பு” என்றேன். “ஆச்சுங்க சார்” என்றார். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஆயுத பூஜையன்று காலையில் போன் வந்தது. “வந்து பூஜையில கலந்துக்கிட்டு, அப்படியே வண்டிய எடுத்துட்டுப் போங்க சார்.”

போனேன். கடையைக் கழுவி, மெஷினுக்கெல்லாம் செவ்வந்தி மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் தயாராக வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூல்மேல் என் சேசிஸ். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நெற்றியில் குங்குமம். கறுப்பு பிரமாதமாக வந்திருந்தது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. கிட்டே போய்ப் பார்த்தேன்.

“மாதேசா... நெக் என்னாச்சு?”

“பாத்துட்டீங்களா சார்!” மனிதருக்கு முகமெல்லாம் பல். “பெண்டு எடுத்துப்போட்டேனுங்க. கோணலா இருந்துச்சுங்களா, பக்கத்துப் பட்டறையில குடுத்து, காஸ் வெச்சுச் சூடு பண்ணி, ஜாக்கி போட்டு இழுத்து... நெட்டுல கம்பெனி போட்டோ பாத்து, அச்சு அசலா அப்படியே கொண்டாந்துட்டோமுங்க.”

“யாரு எடுக்கச் சொன்னது?”

“சொல்லோணுமுங்களா? ஆக்சிடெண்ட் வண்டின்னு பாத்தாலே தெரியுதுங்களே.”

“யோவ், மோதுனா நெக் உள்ளதான்யா போகும்? வெளிய எப்படிப் போகும்?”

கொஞ்சம் யோசித்தார். “அதத்தானுங்க நாங்களும் ரெண்டு நாளா யோசிச்சோம். பொறவு, ஆக்சிடெண்ட் ஆன வண்டிய கயிறு கட்டி இழுத்துட்டு வந்திருப்பாங்க, அதுல நீண்டுபோச்சுன்னு முடிவு பண்ணுனோமுங்க.”

முடிவு பண்ணினார்களாம்! கையில் போன் இருக்கிறது. அதில் என் நம்பர் இருக்கிறது. கம்பெனி போட்டோவைத் தேட முடிகிறவருக்கு என்னைக் கூப்பிட முடியவில்லை.

அப்போதுதான் கத்த ஆரம்பித்தேன். கடையில் ஆரம்பித்து, அவர் என்னைச் சமாதானப்படுத்த வெளியே கூட்டிவர, தெருவில் தொடர்ந்தேன். பூசணிக்காய் உடைக்க வந்தவர் காயோடு அப்படியே நின்றார். மாதேசனுக்கு ஒன்றும் புரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

“பூஜையில கோணல் சாமானை வெச்சுக் கும்புடக்கூடாதுங்க சார். வருசம் பூரா கோணலாப் போயிருமுங்க. உங்க வண்டிய மட்டும் வெளிய தள்ளி வெக்க எனக்கு மனசு வரலீங்க. அந்த வேலைக்குக் காசுகூட வேண்டாமுங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க...”

என் நல்லதுக்கு! அதுதான் எரிச்சல். காசுக்காகச் செய்திருந்தால் சண்டை போடலாம். திருடியிருந்தால் ஸ்டேஷனுக்குப் போகலாம். நல்லது செய்தவனை என்ன செய்வது? வெல்டு வைத்த இடத்தைக் காய்ச்சி இழுத்தாயிற்று. இனி அந்த இரும்பை நம்பி உட்கார முடியாது. மறுபடி அறுக்க வேண்டும், புது நெக் தேட வேண்டும். எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளும் போயே போச்சு.

நீங்களே சொல்லுங்கள், நம் ஊரில் யாராவது எதையாவது அதன் போக்கில் விடுகிறார்களா? பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனேன். நான் கேட்காமலே ஸ்டூடியோக்காரர் என்னை வெள்ளையாக்கித் தந்தார். போட்டோவிலிருப்பது என் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது. முடி வெட்டுகிறவர் என் மீசையை ‘சின்னதாக’ சரிசெய்தார். ஒரு மாதம் ஆபீஸில் தலைகாட்ட முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர், நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் முருங்கையை ‘ஒழுங்குபடுத்தி’ வைத்தார். மரம் பட்டே போனது. நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது! கெட்டவர்களிடமிருந்து தப்பிக்க போலீஸ் இருக்கிறது. இந்த நல்லவர்களிடமிருந்து தப்பிக்க என்ன இருக்கிறது?

இதையெல்லாம் அப்படியே, இதைவிடச் சத்தமாக, வீட்டுக்கு வந்து ஷெரினிடம் கொட்டினேன். அவள் போனில், நான் எடுத்து அனுப்பிய சேசிஸ் போட்டோவைப் பெரிதாக்கி, நெக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லதுக்குப் பண்ணுனானாம்! கோணலா இருந்துச்சாம், நேர் பண்ணுனானாம்! ஒரு போன்... ஒரே ஒரு போன் போட்டுக் கேட்டானா அவன்?”

“ஸ்வல்ப மெதுவா பேசுங்கப்பா.” போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமலே, பாதி கன்னடத்தில் சொன்னாள். “நீங்க கேட்டீங்களா?”

“நான் எதுக்கு அவன்கிட்ட...”

“அவர்கிட்ட இல்ல. என்கிட்ட.”

பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? சொல்லிவிடுகிறேன்.

செகண்ட் பியூசி, அதாவது பிளஸ் டூ, முடித்ததும் ஷெரின் காலேஜுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டாள். முதல் விருப்பம் டிசைன். கார், பைக் வரைகிற படிப்பு. கடைசி நாளன்று அவள் மாதா கோவில் கொயர் பாட்டு பிராக்டீஸுக்குப் போயிருந்தாள். ஓடிபி வருவது என் நம்பருக்கு. அதை வைத்து விண்ணப்பத்துக்குள் போனேன். டிசைனை எடுத்துவிட்டு காமர்ஸ் போட்டேன். சப்மிட் அடித்தேன். இரண்டு நிமிட வேலை. அவள் வந்து கேட்டபோது நான் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: “உன் நல்லதுக்குத்தாம்மா.”

அவள் கத்தவில்லை. தெருவில் நின்று யாரையும் திட்டவில்லை. பி.காம். சேர்ந்தாள், நல்ல மார்க் வாங்கினாள், என்னோடு பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் போர்ட்டிகோவில் அந்த க்ரூஸரை வைத்துக்கொண்டு திண்டாடியபோது, அவளாக வந்து கேட்டாள்: “நெக்க எவ்வளவு சாய்க்கப் போறீங்க?” என் மகள் படித்திருக்க வேண்டியது எதுவென்று அன்றே புரிந்திருக்க வேண்டும். எனக்கு ஸ்பானர் பிடிக்க ஆள் கிடைத்ததே என்றுதான் இருந்தது.

“விடுங்கப்பா. பாவம், அந்த அண்ணாக்கு அது ஆக்சிடெண்ட் வண்டின்னு நெனப்பு” என்றாள் ஷெரின்.

ஆமாம். மாதேசனுக்கு அது யாரோ ஒருவனுடைய வண்டி. எதற்காக அதை வெட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமெல்லாம் சக்கரம் வரைவதைப் பார்த்துக்கொண்டே வளர்த்தவன் நான். தெரிந்தே பெண்டு எடுத்தேன்.

அதற்காக மாதேசன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். துளியும் போகவில்லை. திட்டுவதற்கு இப்போது இன்னொரு ஆளும் சேர்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

நேற்று ஷெரின் எட்டாவது அட்டையைத் தேடி எடுத்தாள். புது நெக் கிடைத்ததும் மறுபடி அறுக்கலாம் என்றாள். பிறகு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். டிசைனில் மேற்படிப்பு, நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம். கோழி கூவும் நேரத்து பஸ்ஸைப் பிடித்தாலும் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத ஊர். இங்கேயே, பக்கத்திலேயே, எத்தனை நல்ல காலேஜ்... என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் என் போன் ‘டிங்’ என்றது.

“ஓடிபி வந்திருக்கும்ப்பா. நம்பர் மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேடா... வேண்டாம்.”

ஆறு எண்களைச் சொன்னேன். ஏழாவதாக ஒன்றும் சொல்லவில்லை.