நோட்டில் எழுதாத ஒன்று

சோர்வாகவே இருக்கிறது என்று போன வாரம் செஞ்சி கடைத்தெருவில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். விடுப்பில் ஊருக்கு வந்தும் அசதி விடவில்லை. அங்கிருந்த பெண் மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. எனக்கும் அதே தொழில்தான் என்று சொல்லவில்லை. சொன்னால் நான்காவதும் தவறியிருக்கும். பஞ்சிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்ததும் ஷகிலா நினைவுக்கு வந்தாள்.

டிப்ளமோ முடித்த கையோடு, இதே தெருவில் ஒரு சின்ன பரிசோதனை நிலையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் சிங்கவரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன்; அவள் வீடு நாலு கடை தள்ளி. அவளுக்கு ஒரே குத்துதான். குழந்தைகள் அழுகையை விட்டுவிட்டு அவள் வளையலைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு வாய்த்தது நோட்டு. எந்த மருந்து என்றைக்குத் தீரும், யாருக்கு ரிசல்ட் பாக்கி என்று வரிசையாக எழுதி, முடிந்ததை அடிப்பேன்.

"இன்னாடி, மூச்சு வுடறதையும் எழுதி வெச்சிருக்கியா?" என்பாள்.

அவள் அக்கா கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தபோது முதலாளி சொன்னார்: "பாண்டில ஒரு ஆஸ்பத்திரில ஒரே எடம் இருக்குதாம். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. அந்தப் பொண்ணுக்கும் போன் பண்ணிடும்மா."

அன்று நோட்டில் ஒன்பது வேலை எழுதினேன். அந்தப் போனை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். வேலை கிடைத்தது.

மருதாணிக் கையோடு திரும்பி வந்தவளிடம், "மறந்துட்டேன்" என்றேன்.

"நீயா?" என்றாள்.

நான் கிளம்பிய நாளில் அவளாகவே சொன்னாள்: "கொழந்தைங்கன்னா கொஞ்ச நேரம் கையப் புடிச்சி சூடு பண்ணிட்டு அப்புறம் குத்து. பயப்படாத."

ஏழு வருடமாகக் காரணங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டில் தொந்தரவு வேண்டாமே என்று. அவளை எப்படியும் பாண்டிக்கு அனுப்ப மாட்டார்கள் என்று. வேலைப் பளுவில் மறதி என்று. போன வாரம் கொடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வந்தது, எல்லாம் நார்மல். அசதிக்கு உடம்பில் காரணம் இல்லை என்றானபோது வேறு இடத்தில் தேட வேண்டியதாயிற்று. அவள் வந்திருந்தால் அவளைத்தான் எடுத்திருப்பார்கள். அது எனக்கு அன்றே தெரியும். வெறும் பொறாமை. இன்னும் கொஞ்சம் பெரிய காரணமாக இருக்கும் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

அந்த நிலையம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஷகிலா கல்யாணமாகி எங்கோ துணிக்கடையில் உட்கார்ந்திருக்கிறாளாம். ஊசியைத் தொட்டே பல வருடம் ஆகிறதாம். பழைய எண்ணுக்கு இன்று அடித்தேன். யாரோ ஒரு பெரியவர் எடுத்தார். ஷகிலா இருக்கிறாளா என்று கேட்டேன்.

"எந்த ஷகிலாம்மா?" என்றார்.