கோஸ்டாவின் மைக்ரோமீட்டர்

ரூமியானா, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஸ்லிப் கேஜ் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைச் சூடு பட்டாலே நூலிழை வீங்கிவிடும் எஃகுக் கட்டைகள். அதனால் கையுறை, மெல்லிய தோல்துணி. எண்ணெய் அழுத்தத்தால் பாரம் தூக்கும் ஹைட்ராலிக் கருவிகள் செய்யும் அந்த காசான்லக் நகர ஆலையில் எந்த அளவுக் கருவியும் இந்தக் கட்டைகளோடு ஒத்துப்போனால்தான் அவள் பச்சைச் சீட்டு ஒட்டுவாள். இல்லையென்றால் சிவப்பு. பட்டறையில் அவளுக்குப் பெயரே ‘சுங்கக்காரி’.

அன்று வாடிக்கையாளரின் தணிக்கை ஆட்கள் வருகிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பட்டறை மேசைகளிலிருந்து நாலைந்து கருவிகளை அள்ளி வந்திருந்தாள். அதில் ஒன்று, சாணை இயந்திரத்தில் நிற்கும் கோஸ்டாவின் மைக்ரோமீட்டர். கோஸ்டா அவள் கணவன்.

இருபது மில்லிமீட்டர் கட்டையை அதில் வைத்துத் திருகினாள். கூடுதலாகக் காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே கூடுதல். பிறகுதான் பச்சைச் சீட்டின் எண்ணைப் பார்த்தாள். வசந்தத்தில் கீழே விழுந்து வளைந்து, அவளே தூக்கிப்போட்ட வேறொரு மைக்ரோமீட்டரின் எண்.

கோஸ்டா உள்ளே வந்தான்.

“என் மைக்ரோமீட்டரை எவன் எடுத்தான்?”

“நான்தான். கதவைச் சாத்து, சூடு உள்ள வருது. இந்தச் சீட்டு ஏது உனக்கு?”

“உன் குப்பைத்தொட்டிதான் குடுத்துச்சு.” சிரித்தான். “உன்கிட்ட அனுப்பினா திரும்பி வர்றது எவனோடதோ. பல் தேய்க்கிற பிரஷ்ஷை யாராவது மாத்திக்குவாங்களா, சுங்கக்காரி?”

“பிரஷ் கெட்டா உன் பல்லோட போயிடும். இது கூடக் காட்டுது, கோஸ்டா. நீ இதால அளந்து சரின்னு விட்ட பிஸ்டன் தண்டெல்லாம் மெலிசு. எண்ணெய் கசியும். தூக்கி நிறுத்தின பாரம் தானா இறங்கும். கீழ யாராவது நிப்பாங்க.”

சிரிப்பு நின்றது. வெளியே லாரியில் பெட்டிகள் ஏற்றும் சத்தம் கேட்டது. அவன் சாணை பிடித்த தண்டுகள்தான்.

“ரூமி, ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியிருக்கேன். இன்னொண்ணுன்னா கேட்டுக்கு வெளிய. இதைப் பையில போட்டுக்க. அவங்க போனதும் சரிபண்ணிக்கலாம்.”

“லாரி அதுவரைக்கும் நிக்குமா?”

“ஊரான் தலைமேல விழாத பாரத்துக்காகப் புருஷன் தலையில கல்லைப் போடுவியா?”

அவள் பச்சைச் சீட்டை நகத்தால் சுரண்டப் பார்த்தாள். கையுறை தடுத்தது. கழற்றிவிட்டுச் சுரண்டினாள். சிவப்பை ஒட்டினாள். தொலைபேசியை எடுத்தாள்.

“ஏத்துறதை நிறுத்துங்க. ஏத்தினதையும் இறக்குங்க. காரணத்தை நான் வந்து சொல்றேன்.”

கோஸ்டா முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். எண்ணெய்க் கறை படிந்த கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

“யாரோட கருவின்னு கேப்பாங்க,” என்றான் மெதுவாக. “என்ன சொல்லுவே?”

அவள் கட்டைப் பெட்டியை மூடினாள். மைக்ரோமீட்டரையும் சுரண்டி எடுத்த பச்சைச் சீட்டையும் ஒரே தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கதவைச் சாத்தவில்லை.