கத்திரி கழியட்டும்

ராஜபாளையத்தில் அக்கா வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மூன்று அட்டைத் துண்டுகள் வெயிலில் கிடக்கும். வெள்ளை, இளநீலம், மஞ்சள். அத்தான் கொண்டுவந்து வைத்தவை. அக்காவுக்கு இதயம் பலவீனம். சூடு ஆகாது, தண்ணீரும் அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏசி போட்டால் இருமல் பிடித்துக்கொள்ளும். காங்கிரீட் கூரையோ மாசியிலேயே கொதிக்கும். அதன்மேல் சூட்டைத் தடுக்கும் அட்டை பதித்துவிட்டால் அவள் கோடையைத் தாண்டிவிடுவாள் என்று அத்தான் நம்பினார்.

மில்லில் எலக்ட்ரீஷியன் அவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் போகும்போதெல்லாம் மாடியில்தான் இருப்பார். வெள்ளை, டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல்தான், கொஞ்சம் கெட்டியானது. விலை குறைவு, ஆனால் மணிகளுக்கு நடுவே நீர் ஊறும். மஞ்சள், பிரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் பஃப். அதே கனத்தில் சூட்டை அதிகம் தடுப்பது அதுதான், ஆனால் நனையாமல் காக்க வேண்டும். நீலத்துக்கு எக்ஸ்பிஎஸ் என்று பெயர். தண்ணீர் குடிக்காது, மேலே ஓடு பதித்து ஆள் நடந்தாலும் அமுங்காது. மூன்றையும் வாளியில் ஊறப்போட்டார், ஏறி மிதித்தார், ஐஸ்கட்டிமேல் வைத்து, வெயிலில் எது சீக்கிரம் உருகுகிறது என்று பார்த்தார்.

"ஏட்டி, கட்டின பொண்டாட்டிய ஒங்க அத்தான் இம்புட்டு உத்துப் பாத்ததில்ல" என்பாள் அக்கா. சிரித்துவிட்டு மூச்சு வாங்குவாள்.

நீலம் என்று முடிவாகி அட்டைகள் வந்து இறங்கிய மறுநாள் கத்திரி பிறந்தது. எங்கள் பக்கம் கத்திரியில் வீட்டு வேலை தொடங்கமாட்டார்கள். கொத்தனார் தயங்கினார். "அதெல்லாம் பாத்துக்கிடலாம், வாங்க" என்றார் அத்தான். மறித்தது அக்காதான்.

"கத்திரி கழியட்டும். இப்பக் கை வச்சா வீட்டாம்பளைக்கு ஆகாதும்பாவ. எனக்காவச் செஞ்சு ஒங்களுக்கு ஏதும் ஆயிரப்படாது. நான் எங்க ஓடியா போறேன்?"

அத்தான் கொத்தனாரை அனுப்பிவிட்டார். அட்டைகளை அவள் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் சாத்தி வைத்தார். வெயிலைத் தடுக்க வாங்கியதைப் போட, வெயில் முடியட்டும் என்று காத்திருப்பது எங்களில் யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை.

கத்திரி பாதிகூடக் கழியவில்லை. ஒரு மத்தியானம், நெஞ்சில் ஈரத்துண்டைப் போட்டபடியே அக்கா போய்விட்டாள். சேதி கேட்டு அழுதேனா என்று நினைவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பி சுட்டது மட்டும் நினைவிருக்கிறது.

கத்திரி முடிந்ததும் அத்தான் கொத்தனாரை வரச்சொல்லி வேலையை முடித்தார். நீல அட்டை, மேலே சிமெண்ட், அதற்கும் மேலே வெள்ளை ஓடு. இனி யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த வருஷக் கத்திரியில் போயிருந்தேன். அக்காவின் அறைக்குள் நுழைந்ததுமே உடம்புச் சூடு அடங்கியது. அத்தான் வாசலிலேயே நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாக் குளுமையா இருக்கு, அத்தான்."

தலையசைத்தார். "செத்த நேரம் படு. வெயில் தாழப் போலாம்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அக்கா கட்டிலில் படுத்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வியர்க்காமல், புரளாமல், பொழுது சாயும்வரை நன்றாகத் தூங்கிவிட்டேன்.