அப்பாவுக்கு நான் சொன்ன முடிவு

அந்த டிவி தொடரில் ஓடிப்போன தம்பி வீடு திரும்பினானா, நான்தான் திரும்பியதாகச் சொன்னேனா?

ஸ்ரீரங்கத்து வீட்டில் மகளின் போனில் திடீரென அந்தத் தொடக்க இசை கேட்டது. என் சின்ன வயதில், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில், அப்பா ஷிஃப்டுக்குப் போகும் நாட்களில் அந்தக் கதையைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. தொடர் முடிந்த கடைசி வாரம் பாதியில் கரண்ட் போனது. ஆனால் தம்பி வாசலில் வந்து நின்றது கண்ணில் இருக்கிறது.

அன்று ஷிஃப்ட் முடிந்து வந்து, சைக்கிளை நிறுத்துமுன்பே அப்பா கேட்டார், "என்னம்மா ஆச்சு?"

"தம்பி வந்துட்டான்பா."

"பாத்தியா! உன் சித்தப்பாவும் வந்துருவான்."

வீட்டைவிட்டுப் போன சித்தப்பா இன்னும் வரவில்லை. இப்போது அப்பா பேத்தியிடம், "கடைசி வாரத்தைப் போடு தங்கம்" என்கிறார். மகள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

போட விடட்டுமா, போனை வாங்கிவிடட்டுமா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்.