வெறும் சட்டிக்குத் தண்ணீர்

போன வாரம் வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுப் பின்வளவுக் குப்பைமேட்டில் ஒரு பூ பூத்திருந்தது. அற்பசொற்பப் பூ அல்ல. விரலைவிடத் தடித்த தண்டு, இலை ஒன்றுகூட இல்லை, உச்சியில் செக்கச்செவேலென்று இரண்டு லில்லிப் பூக்கள். பக்கத்தில் இன்னும் விரியாத மொட்டு ஒன்று.

பூத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே?

நான் என்ன செய்தேன் தெரியுமா... ஒரு பழைய பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அதன் மேல் கவிழ்த்து வைத்தேன். வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். கொலைகாரி கெட்டாள் போங்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியாது. ஏனென்றால் இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தையில் இந்தப் பேப்பரில் நான் எழுதிய ‘வெறும் சட்டி’ பத்தியை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா?

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு அம்பிட்டியவில் ஒரு சரிவில் இருக்கிறது. கண்டியில் வீடுகள் படிக்கட்டு மாதிரித்தான். மேல் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கீழ் வீட்டின் பின்வளவு முழுக்கத் தெரியும். எங்களுக்கு மேல் வீடு நஸீமா தாத்தாவுடையது. பயந்துவிடாதீர்கள், தாத்தா என்றால் முஸ்லிம் மக்களின் பேச்சில் அக்கா. திகனயிலிருந்து இங்கே குடிவந்தவர். கணவர் காலமாகிவிட்டார். மகன் தெஹிவளையில், மகள் ரிஃப்கா கல்யாணம் முடித்து டோஹாவில். வீட்டில் அவரும் அவருடைய பூச்சட்டிகளும்தான்.

என்னை அவர் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார். நான் ஒருநாளும் படிப்பித்தவள் இல்லை. அரசாங்கக் கச்சேரியில் ஃபைல் தூக்கி பென்ஷன் எடுத்தவள். ஆனாலும் மிஸ்.

ஜனவரியில் தாத்தாவுக்குக் கண்ணில் ஆப்பரேஷன். படலம் விழுந்திருந்தது. மகன் வீட்டில் சில வாரம் தங்க வேண்டும் என்று சாவியை என்னிடம் தந்தார். தந்ததோடு விட்டாரா... ஒவ்வொரு சட்டியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்தூரியத்துக்கு நிழல் வேண்டும், பிகோனியாவுக்கு இலையில் தண்ணீர் படக்கூடாது, இப்படி. கடைசியாக, படிக்கட்டு ஓரத்தில் ஒரு அகலமான சட்டி. அதில் மண் மட்டும்தான் இருந்தது.

“இதுக்கும் ஒரு சொட்டு ஊத்துங்க மிஸ். மறந்துராதீங்க.”

“தாத்தா, இதில ஒண்டும் இல்லையே?”

“ஈக்குது மிஸ். உள்ளுக்கு ஈக்குது.”

நான் தலையாட்டினேன். மனதுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், கண் அவ்வளவு மோசம், சட்டி காலியாய் இருப்பதுகூடத் தெரியவில்லை!

நினைத்ததோடு நின்றிருக்கலாம். அந்த வாரம் எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லை. எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை, ‘மேல் வீட்டு அம்மையார்’ என்று மட்டும் போட்டேன். கண்டியில் மேல் வீடு இல்லாதவர் யார் என்ற தைரியம். படலம் விழுந்த கண்ணோடு வெறும் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மையார், அது முளைக்கும் என்று காத்திருக்கும் அம்மையார்... நன்றாகத்தான் வந்திருந்தது. உங்களில் எத்தனை பேர் போன் எடுத்தீர்கள்! நானும் ஒவ்வொரு போனுக்கும் உச்சி குளிர்ந்தேன்.

இதற்கிடையில் எனக்குக் கொத்தமல்லி போட ஒரு அகலமான சட்டி தேவைப்பட்டது.

“அது அவையின்ர சட்டியெல்லே?” என்றார் என் வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தில் பிறந்து பாதி ஆயுளைக் கண்டியில் கழித்தவர், ஆனாலும் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை.

“வெறும் சட்டிதானே. அவ வரமுதல் திருப்பி வைக்கலாம்.”

சட்டியைத் தூக்கி வந்து குப்பைமேட்டில் மண்ணைக் கொட்டினேன். உள்ளிருந்து பெரிய வெங்காயம் மாதிரி ஒன்று உருண்டு வந்தது. கறுத்து, தோல் உரிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. யாரோ அழுகின வெங்காயத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் காலால் தள்ளிவிட்டேன். இதை எழுதும்போது அந்தக் கால் கூசுகிறது.

மல்லி என்னவோ அமோகமாக வந்தது. தாத்தா வருகிறார் என்று கேள்விப்பட்டதும் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, சட்டியில் வளவு மண்ணை நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கெட்டிக்காரி.

அவர் வந்த மறுநாள் நோன்பு தொடங்கியது. ஒரு கட்டு மல்லியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோன்பு திறக்கும் நேரம் மதிலுக்கு மேலால் சுடச்சுடக் கஞ்சி இறங்கி வந்தது.

“உங்கட மல்லிதான் மிஸ். என்னா வாசம்.”

அடுத்த நாள் காலை அவர் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். படிக்கட்டு ஓரத்துச் சட்டிக்கும் ஊற்றினார். குனிந்து பார்த்தார்.

“இன்னும் எழும்பல்ல மிஸ். மத்த வருஷம் இந்நேரம் மூக்கு நீட்டி ஈக்கும்.”

“அதென்ன தாத்தா அது?” என்று அப்போதுதான் கேட்டேன். சாவி வாங்கிய அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சிவப்பு லில்லியாம். கிழங்கு வெங்காயம் மாதிரி இருக்குமாம். பனி விழும் மாதங்களில் இலையெல்லாம் கருகி உள்ளே படுத்துவிடும். முள்முருக்கு பூக்கிற காலத்தில் இலைக்கு முதலே தண்டு எழும்பிப் பூக்கும். மகள் டோஹா போகும்போது நட்டுவிட்டுப் போனது. வருஷா வருஷம் பூத்ததும் முதல் போட்டோ மகளுக்குத்தான்.

“அங்க வருஷம் முழுக்க ஒரே மாதிரித்தானாம் மிஸ். இந்தப் பூவப் பாத்தாத்தான் ஊர்ல சித்திரை வந்திட்டுண்டு அவளுக்கு வெளங்குமாம்.”

என் கண் குப்பைமேட்டுப் பக்கம் போனது. சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, தாத்தா, நான் ஒரு மடைத்தனம் செய்துபோட்டன் என்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் சொன்னது என்ன?

“இந்த முறை வெயில் கூட, தாத்தா. அதுதான் சுணங்குது போல.”

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! நான் பத்தி எழுதும்போது ஒரு வசனத்துக்கு அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவள்.

அவர் உள்ளே போனதும் குப்பைமேட்டைக் கிளறினேன். பலாக்காய்த் தோல், வாழைச் சருகு, முட்டைக்கோது... வெங்காயத்தைக் காணவில்லை. குரங்குகள் வந்து போகிற இடம். தூக்கிப் போயிருக்கும் என்று முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. பங்குனி இங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வழக்கமாக இந்த நேரத்தில் என் தோட்டத்தைப் பற்றி உங்கள் காதைத் தின்றிருப்பேன். கறுவாவில் துளிர் எல்லாம் பாக்கு வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்து கிடந்தது. தெருமுனை நாகமரம் இளஞ்சிவப்பு இலைகளைத் தொங்கவிட்டிருந்தது. போகன்வில்லா மதிலே தெரியாமல் பூத்துக் கொட்டியது. எதையும் நான் பார்க்கவில்லை. அங்கிருந்த எல்லாமே சொன்ன நேரத்துக்கு எழும்பிவிட்டது, ஒன்றைத் தவிர. ஒவ்வொரு நாளும் காலையில் குசினி ஜன்னலால் பார்ப்பேன். தாத்தா அந்தச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவார். இப்போது அது உண்மையாகவே வெறும் சட்டி.

மகளோடு பேசும்போது ஸ்பீக்கரில்தான் போடுவார். எனக்கும் கேட்கும்.

“பூத்திச்சா உம்மா?”

“இன்னும் இல்ல மகள்.”

“போய்ச் சொல்லிப்போட்டு வாரும். அவ உம்மைக் கடிச்சே திண்ணப்போறா?” என்றார் வீட்டுக்காரர்.

நோன்பு பிடித்திருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு சாட்டு. பெருநாள் வந்தது. நல்ல நாளில் எப்படிச் சொல்வது என்று அடுத்த சாட்டு. பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பினார். வெட்கத்தோடுதான் சாப்பிட்டேன்... ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் போன வெள்ளி. குப்பைமேட்டில் சருகை விலக்கிக்கொண்டு, நான் காலால் தள்ளிய வெங்காயம் பூத்து நின்றது.

முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிஷமே பயம். அது அங்கே நின்றால் யார் கொட்டியது என்று கேள்வி வரும். மத்தியானம் தாத்தா தூங்கும் நேரம் பார்த்து, மெதுவாகத் தோண்டி, அவருடைய சட்டியில் நட்டுவிட்டால்? ‘பாருங்கோ தாத்தா, எழும்பிட்டுது’ என்று நானே கைகொட்டலாம். அதுவரை மறைத்து வைக்க ஒரு வாளி. திட்டம் எப்படி?

வாளியைக் கவிழ்த்துவிட்டுக் குசினிக்குள் வந்து தேத்தண்ணி ஊற்றினேன். வாயில் வைக்கவில்லை. மேலேயிருந்து குரல் வந்தது.

“மிஸ்... அந்த வாளிய எடுத்துருங்க. பூவுக்கு மூச்சு முட்டும்.”

மேல்மாடி ஜன்னலில் நஸீமா தாத்தா.

வாளியை எடுத்தேன். ஒரு இதழ் மடிந்திருந்தது. அவர் படியிறங்கி, எங்கள் கேற்றால் சுற்றிவந்து பக்கத்தில் நிற்கும்வரை நான் அந்த வாளியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“எப்பயிலிருந்து தெரியும் தாத்தா?”

“தண்டு வந்த நேரமே. ஆப்பரேஷனுக்குப் பொறகு கண் நல்லாத் தெரியுது மிஸ்.”

அதில் குத்தல் இருந்ததா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முகத்தில் இல்லை.

“பிறகேன் அந்தச் சட்டிக்குத் தண்ணி ஊத்தினீங்கள்?”

“நீங்க ஜன்னலால பாத்துட்டு ஈந்தீங்களே மிஸ். நான் நிப்பாட்டினா, எனக்குத் தெரியுமிண்டு உங்களுக்கு வெளங்கிரும். சங்கடப்படுவீங்க.”

என் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனிதர் காலையில் எழும்பி வெறும் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவருக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேன்!

எல்லாவற்றையும் சொன்னேன். மல்லி, வெங்காயம், கால், வெயில் என்று சொன்ன பொய். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றபோது அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“பேப்பர்ல எழுதினதயும் வாசிச்சேன் மிஸ். கண்கட்டு அவிழ்த்ததும் மகன்தான் கொண்டுவந்து தந்தான், உங்கட மிஸ் எழுதி ஈக்காண்டு. புதுக் கண்ணால மொதமொதலா வாசிச்சது அதான். நல்லாத்தான் ஈந்திச்சி. சிரிச்சேன். அந்தக் கண்ணப் பத்தி எழுதின எடம் மட்டும் கொஞ்சம்...”

அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பத்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. பக்கத்து வீட்டில் நமக்கு விளங்காதது எதுவோ, அது நமக்கு வேடிக்கை. ஒரு கேள்வி கேட்டால் விளங்கிவிடும். விளங்கிவிட்டால் அந்த வாரம் எழுத ஒன்றும் இருக்காது. அதனால்தான் நாங்கள் கேட்பதில்லையோ என்னவோ.

தாத்தா போனை எடுத்தார். பலாக்காய்த் தோல் படத்தில் விழாதபடி குனிந்து, சரிந்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். அனுப்பிய கையோடு மகளிடமிருந்து போன் வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கர்.

“அல்லாஹ், எவ்வளவு பெருசு! எங்க உம்மா இது? நம்மட படிக்கட்டுல இல்லயே?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“மிஸ்ட வளவுல மகள். இந்த முறை அங்க வெச்சோம். நல்ல பசளை மண்.”

‘வெச்சோம்.’ அந்தச் சொல்லில் என்னையும் சேர்த்துக்கொண்டார் பாருங்கள். கிழங்கைத் தோண்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம், பூக்கிற நேரம் அசைக்கக்கூடாது, இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றுவிட்டார். ஆக, என் குப்பைமேட்டை இனிக் குப்பைமேடு என்று சொல்ல முடியாது. சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா மறுபடி தெஹிவளை போனார். மற்றக் கண்ணுக்கு ஆப்பரேஷன். சாவியை யாரிடம் தருவார் என்று நான் உள்ளே ஒளிந்திருந்தேன். தேடி வந்து என் கையிலேயே தந்தார். இந்த முறை சட்டி சட்டியாகக் காட்டவில்லை.

பின்னேரம் தண்ணீர் ஊற்றப் போனேன். கண்ணுக்கு ஒட்டி மிஞ்சின பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு சட்டியிலும் ஒட்டி, பெயர் எழுதியிருந்தார். அந்தூரியம். பிகோனியா. படிக்கட்டு ஓரத்து அகலமான சட்டியிலும் ஒரு துண்டு இருந்தது. கிட்டப்போய் வாசித்தேன்.

‘இது வெறும் சட்டிதான் மிஸ். மல்லி போடலாம்.’

போடவில்லை. இரண்டு நாளாக அதற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்... எதற்கும் இருக்கட்டும்.